அண்ணனுக்குப் பெரிய எழுத்து, தம்பிக்குச் சின்ன எழுத்து

மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பருவம் தொடங்கிய வாரம். 'மை ஃபேமிலி' என்று ஐந்தே ஐந்து வாக்கியம் இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு நோட்டைத் திறந்தால் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து முளைத்துக் கிடக்கிறது. சொல்லின் நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, வேண்டாத இடத்தில் எல்லாம் ஒன்று. வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை. 'நான்' என்று பொருள் தரும் 'ஐ' பாவம், தலையில் புள்ளியோடு சின்னதாக ஓரத்தில் நிற்கிறது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் எண்ணிப் பார்த்தேன், 17 வட்டம். கீழே 'கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நோட்டிலும் அதே கதை, அதற்கடுத்த நோட்டிலும் அதேதான்.

அந்தக் 'கவனம் தேவை' எவ்வளவு தப்பு என்று எனக்குப் புரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு பருவத்தில் என்ன நடந்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல், சொதப்பியதையும் சேர்த்து எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கும் யாருக்காவது உதவட்டும்.

முதலில் வகுப்பைப் பற்றி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி, தமிழ் வழி. வீட்டில் இங்கிலீஷ் பேசுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. எண்ணும் எழுத்தும் (சின்ன வகுப்புகளுக்கான தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பு என்பதால் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லப்போகும் மூன்று பேரும் மொட்டு. பெயர் வேண்டாம். ஜன்னலோரம் உட்காருகிறவனை ஜன்னல் என்றும், இரட்டைச் சடைக்காரியைச் சடை என்றும், மூன்றாமவனை வரி என்றும் வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஏன் வரி என்று பெயர் வந்தது என்பது பின்னால் தெரியும்.

தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்கிற சங்கதியே கிடையாது. நமக்குக் குறில் நெடில் உண்டு, வல்லினம் மெல்லினம் உண்டு, ஆனால் ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம் வைத்து, எந்த உருவம் எங்கே வரவேண்டும் என்று சட்டம் போடுகிற வழக்கம் இல்லை. இந்தி, அரபு, சீனம் எதற்கும் இல்லை. உலகத்தில் ரோமன், கிரேக்கம், ரஷ்யன் முதலானவை எழுதும் சிரில்லிக், அர்மீனியன் என்று சில எழுத்துமுறைகளுக்குத்தான் இந்த இரட்டை வேஷம். அதிலும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சட்டம். ஜெர்மன்காரர் எல்லாப் பெயர்ச்சொல்லையும், மேஜை நாற்காலி உட்பட, பெரிய எழுத்தில்தான் தொடங்குவார். டென்மார்க்கிலும் அப்படித்தான் இருந்தது, 1948இல் கைவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் கிழமையையும் மாதத்தையும் சின்ன எழுத்தில் எழுதுவார். ஆக இது இயற்கையில் இருக்கிற உண்மை இல்லை, ஒவ்வோர் ஊர்க்காரர் பழகிக்கொண்ட பழக்கம். இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஏதோ இரண்டும் இரண்டும் நாலு மாதிரி சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளை இங்கிலீஷ் எழுத்தை எங்கே பார்க்கிறது? கடைப் பலகையில், ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில், சினிமா போஸ்டரில், பிஸ்கட் பாக்கெட்டில், அப்பா வண்டியின் 'டிஎன் 49' நம்பர் பிளேட்டில். பெரும்பாலும் எல்லாமே பெரிய எழுத்து. நர்சரிக்குப் போன பிள்ளை என்றால் எல்கேஜியில் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன் போட்டுப் பழகி, அந்தக் கோடுகளைக் கூட்டிப் பெரிய ஏபிசிடியைத்தான் முதலில் எழுதும். சின்ன ஏபிசிடி யுகேஜியில் வரும். நேர்கோடு எளிது, வளைவு கஷ்டம் என்று காரணம் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால் நிறைந்து கிடப்பது சின்ன எழுத்துதான். மான்டிசோரி முறையில் உப்புத்தாள் எழுத்தைத் தடவிப் பழகும்போது சின்ன எழுத்தில்தான் தொடங்குவார்கள், காரணம் இதுதான். நம் பிள்ளைக்குப் பெரிய எழுத்து முதலில் வந்த சொந்தக்காரன், சின்ன எழுத்து பிறகு வந்த விருந்தாளி. சந்தேகம் வந்தால் யாரிடம் போகும்?

சரி, முதலில் நான் செய்தது. சார்ட் எழுதினேன். வாக்கியத் தொடக்கம், ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம், அப்புறம் 'ஐ'. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், கலர் ஸ்கெட்ச், சுற்றிப் பூ பார்டர். தினமும் காலையில் கோரஸாகச் சொல்ல வைத்தேன். இரண்டு வாரத்தில் வகுப்பே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. வாயால் 'கிழமைக்குக் கேபிடல் லெட்டர்' என்று சொல்லிக்கொண்டே கையால் திங்கட்கிழமையைச் சின்ன எழுத்தில் எழுதுகிறான் ஒருவன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகுதான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து, வட்டம் போட்ட இடத்தைக் காட்டி, திட்டாமல், 'இது ஏன் பெருசு?' என்று மட்டும் கேட்க ஆரம்பித்தேன். முதல் சில நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் ஏன் என்று கேட்டாலே அது தப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரியும், உடனே ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சரியாக எழுதிய இடத்தையும் சேர்த்துக் காட்டி ஏன் ஏன் என்று கேட்டபோதுதான் பேச்சு வந்தது.

ஜன்னலைப் பற்றி முதலில். இங்கே ஒரு சிக்கல்: தமிழில் எழுதினால் இங்கிலீஷின் இரண்டு 'பி'யும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டு 'டி'யும் அப்படியே. அதனால் போனில் பெயர் சொல்லும்போது சொல்வோமே, பாம்பே பி, டெல்லி டி என்று, அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஜன்னலின் நோட்டில் சொல்லுக்கு நடுவில் பெரிய எழுத்து கொட்டிக் கிடந்தது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க அந்த எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்து எழுதிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வந்தது இரண்டே இரண்டு: பாம்பே பி, டெல்லி டி. 'ரப்பர்' என்ற சொல்லில் நடுவே இரண்டு பெரிய பாம்பே பி. 'டாடி' என்ற சொல்லில் மூன்று டெல்லி டியும் பெரியது. மற்ற எழுத்து எல்லாம் ஒழுங்காகச் சின்னது. அவனைக் கேட்டால் சொன்ன பதில்: 'சின்னது எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியல டீச்சர், பெருசுன்னா தப்பாவாது.'

எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள். சின்ன பாம்பே பியும் சின்ன டெல்லி டியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் திரும்பியவை. ஒரு குச்சி, ஒரு தொப்பை, தொப்பை எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் வித்தியாசம். பெரிய எழுத்தில் அந்தக் குழப்பமே இல்லை, ஒன்றுக்கு இரண்டு தொப்பை, மற்றதற்கு ஒன்று, இரண்டும் ஒரே பக்கம். ஒரு ஸ்பூனை எப்படித் திருப்பினாலும் ஸ்பூன்தான் என்று பழகிய மூளைக்கு, ஓர் உருவத்தைத் திருப்பினால் வேறு எழுத்து என்பதை ஏற்கக் கொஞ்ச காலம் வேண்டும். ஏழு, எட்டு வயது வரைக்கும் இது சகஜம். இவன் அந்தக் குழப்பத்தைத் தாண்ட ஒரு பாலம் கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் அந்தப் பாலத்துக்கு வட்டம் போட்டு வட்டம் போட்டு, பெரிய எழுத்து எங்கே வரும் என்று விதி சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு விதி தெரியும்! அவனுக்கு வேண்டியிருந்தது விதி இல்லை.

இரண்டு கைக் கட்டைவிரலை உயர்த்தி முஷ்டிகளைச் சேர்த்து வைத்தால் இங்கிலீஷ் 'பெட்' தெரியும், இடக்கை பாம்பே பி, வலக்கை டெல்லி டி என்று ஒரு வித்தை இருக்கிறது. முயன்று பார்த்தேன். பாயில் படுக்கிற பிள்ளை, அதற்குக் கட்டில்தான் முதலில் ஞாபகம் வருகிறது, 'பெட்' வருவதில்லை. கைவிட்டேன். கடைசியில் உதவியது கைப்பழக்கம்தான். டெல்லி டி என்றால் முதலில் சின்ன 'சி' போடு, திறந்த வாயை ஒரு குச்சியால் மூடு. பாம்பே பி என்றால் முதலில் குச்சியை நடு, அப்புறம் தொப்பை. ஒன்று வளைவில் தொடங்கும், மற்றது குச்சியில் தொடங்கும். மணலில், சிலேட்டில், முன்னால் இருப்பவன் முதுகில் என்று விரலால் எழுதி எழுதி, கை தானாகப் போகும் வரைக்கும். தினமும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. இப்படிப் பழகிய மூன்று வாரமும் அவன் நோட்டில் ஒரு பெயருக்கும் வாக்கியத்துக்கும் நான் வட்டம் போடவில்லை.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று. சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் இந்த ஏழுக்கும் பெரியதும் சின்னதும் ஒரே உருவம், அளவு மட்டும்தான் வேறு. நாலு கோடு நோட்டில் எழுதும்போது பெரியது மேல் இரண்டு கட்டத்தை நிரப்பும், சின்னது நடுக் கட்டத்தில் அடங்கும், சட்டென்று தெரியும். பிள்ளைகளை அவசரப்பட்டு இரண்டு கோடு நோட்டுக்கு மாற்றினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். 'கே' இன்னும் மோசம், பெரியதும் சின்னதும் ஒரே உயரம், கை முளைக்கிற இடம்தான் வேறு. பழைய வட்டங்களைத் திரும்பிப் பார்த்தபோது, சில பிள்ளைகளுக்கு நான் தப்பு போட்ட 'கே' சின்ன 'கே'யாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வட்டம் போட்டது போட்டதுதான்.

சடையின் கதைதான் இந்த மொத்த எழுத்துக்கும் காரணம்.

அவள் நோட்டில் சொல் நடுவே பெரிய எழுத்து ஒன்றுகூட இல்லை. முத்து முத்தான கையெழுத்து. ஆனால் 'ஃபாதர்', 'மதர்', 'கிராண்ட்ஃபாதர்' எல்லாம் வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. அண்ணன் பெயர் பெரிய எழுத்தில். தம்பி பெயர் சின்ன எழுத்தில். 'டீச்சர்' பெரியது. 'கவ்' பெரியது, 'டாக்' சின்னது. பார்த்தால் கண்டபடி எழுதிய மாதிரி இருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

'அண்ணன் பேருக்குப் பெரிய எழுத்து போட்டிருக்கியே கண்ணு, தம்பி பேருக்கு ஏன் போடல?'

'தம்பி சின்னவன்ல டீச்சர்.'

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. 'அப்போ மாட்டுக்கு?'

'அது சாமி டீச்சர். பொங்கலுக்குக் கும்புடுவோம்ல.'

நாய்க்கு அந்த யோகம் இல்லை. ஐந்து வாக்கியத்திலும், அதற்கு முந்தைய பக்கங்களிலும் தேடிப் பார்த்தேன், வாக்கியத்தின் முதல் சொல்லை விட்டுவிட்டால் அவள் தன் விதியை ஓர் இடத்தில்கூட மீறவில்லை. பெரியவர்களுக்குப் பெரிய எழுத்து, சின்னவர்களுக்குச் சின்ன எழுத்து. அவளுக்கு அது மரியாதை. யோசித்துப் பார்த்தால் வேறு எங்கே தேடுவாள்? தமிழில் அண்ணன் 'வந்தாங்க', தம்பி 'வந்தான்'. மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் அண்ணனும் 'ஹி', தம்பியும் 'ஹி', தாத்தாவும் அதே 'ஹி'. இவ்வளவு மரியாதை கெட்ட மொழியா என்று தேடியவளுக்கு, இரண்டு அளவில் எழுத்து இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. நானும் 'பெயர்னா பெருசு', 'ஸ்பெஷலான பேருக்குப் பெருசு' என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பெருசு என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாதான் பெருசு.

அவள் ஒன்றும் அபத்தமாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மொழியில் 'நீங்கள்' என்று மரியாதையாகச் சொல்லும் 'ஸீ' எப்போதும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். இங்கிலீஷிலேயே கடவுளுக்குப் பெரிய எழுத்து உண்டு, சாமியைக் குறிக்கும் 'ஹி'யைக்கூடப் பெரிதாக எழுதுகிற பக்தர்கள் உண்டு. அந்த 'ஐ'யைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதிலும் இல்லை: 'நானுன்னா பெருசு, நீன்னா சின்னதா டீச்சர்? அது திமிருல்ல?' திமிர் இல்லை, ஒற்றைக் குச்சியாகத் தனியாக நின்றால் கையெழுத்துப் பிரதியில் கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் நீட்டி எழுதப் பழகினார்கள் என்று சொல்வார்கள். சொன்னேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் எதிலும் 'நான்' பெரிய எழுத்தில் வராது என்பதை நினைத்தால் அவள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

'ஸ்பெஷல் பேர்' என்பதில் ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. இங்கிலீஷ் இலக்கணத்தில் 'ப்ராப்பர் நவுன்' என்பதைச் சிறப்புப் பெயர் என்று தமிழில் சொல்லிவிடுகிறோம். நம் இலக்கணத்தில் பொதுப் பெயர், சிறப்புப் பெயர் என்றால் என்ன? மரம் பொது, தென்னை சிறப்பு. பறவை பொது, காகம் சிறப்பு. இங்கிலீஷில் தென்னையும் சின்ன எழுத்து, காகமும் சின்ன எழுத்து! மேல் வகுப்பில் தமிழ் இலக்கணத்தை நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இந்தப் பள்ளத்தில் சரியாக விழும்.

அதனால் சிறப்பு, ஸ்பெஷல், பெருசு மூன்று சொல்லையும் வகுப்பில் தடை செய்தேன். பெரிய எழுத்தைக் 'கேபிடல்' என்று மட்டும் சொன்னோம், அர்த்தம் தெரியாத சொல்லாக இருப்பதே இந்த இடத்தில் வசதி. அதற்குப் பதில் ஒரு சோதனை. தெருவில் நின்று கத்து. 'ஏ பையா' என்று கத்தினால் பத்து பேர் திரும்புவான். ஒருத்தன் பேரைச் சொல்லிக் கத்தினால் அவன் மட்டும் திரும்புவான். ஒருத்தர் மட்டும் திரும்பினால் கேபிடல். 'ஆறு' என்றால் எந்த ஆறோ, 'காவிரி' என்றால் அது ஒன்றுதான் திரும்பும். (ஒரே பெயரில் இரண்டு பேர் வகுப்பில் இருக்கிறார்களே என்று மலர்க் குழுவில் ஒருத்தி உடனே கேட்டாள். இனிஷியல் எதுக்கு வெச்சிருக்கோம் என்று சமாளித்தேன்.) மாடு என்றால் எல்லா மாடும், லட்சுமி என்று கூப்பிட்டால் அவர்கள் வீட்டு மாடு மட்டும் 'ம்மா' என்னும். சடை வீட்டில் ஓர் ஆடு, பெயர் கருப்பி. ஆட்டுக்குக் கேபிடல் கிடையாது, கருப்பிக்கு உண்டு என்று தெரிந்த அன்று அவள் சிலேட்டின் இரண்டு பக்கமும் கருப்பிதான்.

கிழமையும் மாதமும் இந்தச் சோதனையில் தேறவில்லை. திங்கட்கிழமை வாராவாரம் வருகிறதே, ஒன்றா அது? இந்த இடத்தில் வாதாடாமல், இது இங்கிலீஷ்காரர் பழக்கம், பிரெஞ்சுக்காரருக்கு இல்லை, நமக்கும் காரணம் தெரிய வேண்டியதில்லை, ஏழும் பன்னிரண்டும் பத்தொன்பது சொல், மனப்பாடம் செய் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கோபப்படவில்லை. காரணம் இருக்கிற மாதிரி நடித்திருந்தால்தான் குழம்பியிருப்பார்கள்.

இப்போது வரி. இவன் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கேபிடல் போடுவான். வாக்கியம் இல்லை, நோட்டின் வரி. ஒரு வாக்கியம் நீண்டு அடுத்த வரிக்கு இறங்கினால் அங்கே தொடங்கும் சொல்லுக்கும் கேபிடல். காரணம் கேட்டால் பாடப் புத்தகத்தைத் திறந்து இங்கிலீஷ் பாட்டைக் காட்டினான். பாட்டில் ஒவ்வொரு வரியும் கேபிடலில்தானே தொடங்குகிறது! பார்த்துக் கற்றிருக்கிறான், நானாவது அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அவன் பிரச்சினை பாட்டோடு முடியவில்லை, தோண்டத் தோண்ட ஆழமாகப் போனது. அவன் நோட்டில் முற்றுப்புள்ளியே இல்லை. எங்கே முடிகிறது என்று தெரியாதவனுக்கு எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? தமிழில் எழுதும்போதும் அவன் புள்ளி வைப்பதில்லை, ஆனால் அங்கே யாருக்கும் தொந்தரவு இல்லை. 'நான் கடைக்குப் போனேன் மிட்டாய் வாங்கினேன் தம்பிக்குக் கொடுத்தேன்' என்று புள்ளியே இல்லாமல் எழுதினாலும், போனேன், வாங்கினேன், கொடுத்தேன் என்று வினைமுற்றே கதவைச் சாத்திவிட்டுப் போகிறது. நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துப் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்காமல்தான் எழுதினார்கள், முற்றுப்புள்ளி ஐரோப்பிய அச்சோடு வந்த சரக்கு. இங்கிலீஷில் வினை நடுவிலேயே வந்து போய்விடுகிறது. 'ஐ வென்ட்' என்றவுடனே வாக்கியம் முடியலாம், 'டு த ஷாப்' என்று நீளலாம், 'வித் மை பிரதர்' என்று இன்னும் நீளலாம், எங்கே கதவு என்று காதுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் அவர்களுக்குப் புள்ளியும் அடுத்த கேபிடலும் சேர்ந்த ஒரு ஜோடி காவல் தேவைப்படுகிறது. இரண்டையும் தனித்தனி நாளில், தனித்தனிச் சார்ட்டில் சொல்லிக்கொடுத்த நான் ஒரு கதவின் இரண்டு பலகையை இரண்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

வரிக்காக ஆரம்பித்துக் கடைசியில் வகுப்பு முழுக்கச் செய்தது புளியங்கொட்டை விளையாட்டு. நீளத் தாளில் நாலு வாக்கியத்தைப் புள்ளியும் கேபிடலும் இல்லாமல் ஒரே சரமாக எழுதிக் கொடுப்பேன். ஒரு பிள்ளை சத்தமாகப் படிக்கும், இன்னொன்று கதவு சாத்துகிற இடத்தில் புளியங்கொட்டை வைக்கும். அப்புறம் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும், வினைமுற்று சரியாக விழுந்தால் கொட்டை வைத்த இடம் சரி. விழவில்லை என்றால் நகர்த்து. எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் பென்சில். கொட்டை இருந்த இடத்தில் புள்ளி, அதற்கடுத்த எழுத்துக்குக் கேபிடல், இரண்டும் ஒரே மூச்சில். கொட்டையை நகர்த்தலாம், அழிக்க ரப்பர் வேண்டாம், தப்பு என்ற பயமும் இல்லை. பென்சிலால் போட்ட புள்ளியைவிட இதற்குப் பிள்ளைகள் அதிகம் வாதாடினார்கள்.

இதற்கு நடுவில் வெளிநாட்டில் எந்த வயதில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில், 2014 முதல் நடைமுறையில் இருப்பது, முதல் ஆண்டிலேயே, அதாவது ஐந்து ஆறு வயதில், வாக்கியத் தொடக்கம், ஆள், ஊர், கிழமை, 'ஐ' எல்லாம் வந்துவிடுகிறது. பெரிய எழுத்தின் அளவு சின்ன எழுத்தோடு பொருந்தி நிற்க வேண்டும் என்பதை இரண்டாம் ஆண்டுக்குத் தனியாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட 2010ஆம் ஆண்டுப் பொதுத் திட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. கிண்டர்கார்டனில் வாக்கியத்தின் முதல் சொல்லும் 'ஐ'யும் மட்டும். முதல் வகுப்பில் தேதியும் ஆள் பெயரும். இரண்டாம் வகுப்பில் பண்டிகை, பொருள்களின் பிராண்டுப் பெயர், ஊர் ஆறு மலை. மூன்றாம் வகுப்பில் தலைப்பு. நாலு வருஷம்! அதுவும் பிறந்ததிலிருந்து அந்த மொழியைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு. நான் அத்தனையையும் ஒரே சார்ட்டில் எழுதிப் பூ பார்டர் போட்டு இரண்டு வாரம் கொடுத்திருக்கிறேன். சார்ட்டைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் புளியங்கொட்டை டப்பா இருக்கிறது.

என் பங்குக்கும் ஒரு திருத்தம். கரும்பலகையில் பாடத் தலைப்பை, தேதியை, கிழமையை, அழகாக இருக்கும் என்று முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கம் எனக்குப் பல வருஷமாக உண்டு. அதே பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் கிழமைக்கு முதல் எழுத்து மட்டும் கேபிடல் என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைகூட இதைச் சுட்டிக்காட்டவில்லை, பக்கத்து வகுப்பு டீச்சர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது தலைப்பும் முதல் எழுத்து மட்டும் பெரியது. வழக்கம் மாற எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பிள்ளைகளைக் 'கவனம் தேவை' என்றவள் நான்.

பருவக் கடைசியில் அதே 'மை ஃபேமிலி'யை மறுபடி எழுதச் சொன்னேன். ஜன்னல் நோட்டில் சொல்லின் நடுவே பெரிய எழுத்து ஒரே இடத்தில், அதுவும் மணி அடிக்கிற அவசரத்தில் எழுதிய கடைசி வரியில். வேகமாக எழுதச் சொன்னால் பழைய பாலத்துக்குத்தான் ஓடுகிறான், அது போகட்டும், இன்னும் ஓர் ஆண்டில் தானாக விட்டுவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். வரிதான் கஷ்டம். கொட்டை வைக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாக வைக்கிறான், தானாக எழுதும்போது புள்ளி மறந்துபோகிறது. ஆனால் எல்லா வரிக்கும் கேபிடல் போடுவது நின்றிருக்கிறது. அதாவது முன்பு எல்லா இடத்திலும் இருந்தது, இப்போது எங்கேயும் இல்லை. முன்னேற்றமா இல்லையா என்று தெரியாமல் அதற்கு என்ன மார்க் போடுவது என்று ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சடையின் பக்கத்தில் 'மை மதர்' இன்னமும் பெரிய எழுத்தில்தான் இருந்தது. இங்கிலீஷிலேயே 'என் அம்மா' என்றால் சின்னது, 'அம்மா' என்று பெயர்போல் கூப்பிட்டால் பெரியது. இந்த நுணுக்கத்தை எட்டு வயதில் அவள் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை, வட்டம் போடாமல் விட்டுவிட்டேன். 'கவ்' சின்னதாகியிருந்தது, பொங்கலுக்கு என்ன செய்வாளோ. அண்ணன் பெயர் கேபிடலில். அதற்கடுத்த வாக்கியத்தில் தம்பி பெயரும் கேபிடலில், கொஞ்சம் அழுத்தி எழுதிய மாதிரி இருந்தது.

'தம்பிக்கும் போட்டுட்டியே' என்றேன்.

'போட்டுட்டேன் டீச்சர். ஆனா அவன்கிட்ட காட்ட மாட்டேன். ரொம்பத் துள்ளுவான்.'